கண்ணைக் கட்டிக் குடித்த ஒயின்

ரிச்சர்ட்ஸ் டவுனில் சின்னப்பா கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுகிறார் என்பது அந்தப் பக்கத்து எறும்புகளுக்குக்கூடத் தெரியும். அக்டோபரில் அவர் திராட்சை வாங்கிவந்து ஜாடியில் கொட்டிவிட்டால் போதும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குட்டி அறையிலிருந்து கிளம்பும் வாசனைக்குத் தெருநாய்கள் வாலாட்டும். கொசுக்கள் நேராகப் பறக்க முடியாமல் சுவரில் முட்டிக்கொள்ளும். எதிர்வீட்டு மாமரம் பருவம் தப்பிப் பூக்கும். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவர் சின்னப்பாவேதான். மாமரம் பூத்தது மட்டும் உண்மை.

பணியில் இருந்த காலத்தில் அவர் டெலிபோன் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்காரர். வரிசையில் ஊர்ந்து வரும் ஒவ்வொரு டெலிபோனையும் காதில் வைத்து “ஹலோ” என்பார். குரல் தெளிவாக இருந்தால் பச்சை முத்திரை, கரகரத்தால் சிவப்பு. அந்தக் காலத்தில் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை பேசப்பட்ட அத்தனை ஹலோவுக்கும் முந்திய ஹலோ தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வேலை நேரத்தில் தூக்கம் வராமலிருக்க மூக்குப்பொடி போடப் பழகினார். வேலை போயிற்று, பொடி போகவில்லை. அதனால் காது இன்றைக்கும் ராஜா. மூக்கு மட்டும் பாதி நாள் ஸ்டிரைக்கில் இருக்கும்.

திராட்சை, சர்க்கரை, தாராளமாகக் கோதுமை, ஈஸ்ட், கொஞ்சம் கிராம்பு. இவ்வளவுதான் சரக்கு. பீங்கான் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தினமும் திறந்து மரக்கரண்டியால் கிளறுவார். கிளறும்போது வீட்டில் யாரும் உரக்கப் பேசக் கூடாது, ஈஸ்ட்டுக்குக் கோபம் வரும். நவம்பர் முடிகிற சமயத்தில் வடிகட்டி மனைவி சரளாவின் கையில் கொடுத்துவிடுவார். பாட்டிலில் அடைப்பது, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுவது, வீடு வீடாக அனுப்புவது எல்லாம் சரளாவின் இலாகா. அதற்குள் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிடும். சின்னப்பா அப்போது ஒருசந்தி நோன்பு இருக்கும் மனிதர், ஒரு சொட்டு தொடமாட்டார். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துதான் முதல் மடக்கு.

அந்த மடக்கைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பெங்களூரில் மழை பெய்து ஓய்ந்துவிடும். தொண்டையில் இறங்கி நெஞ்சைத் தாண்டும்போது ஒயினுக்குள்ளிருந்து ஒரு காரம் எழுந்து திரும்பிப் பார்க்குமாம். “அந்தக் காரம் பாரிஸ்ல இல்ல, ரோம்ல இல்ல. என் கைராசி அது. யாராலயும் காப்பி அடிக்க முடியாது” என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சந்தேகம் வரலாமா? வந்தது. மாடி வீட்டுக் குழாய் வழியாக வந்தது.

மாடியில் குடியிருப்பவர்கள் யுவனும் லாவண்யாவும். ஈரோட்டிலிருந்து வந்த இளம் தம்பதி. இருவரும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் கம்ப்யூட்டரைப் பார்ப்பவர்கள். அவர்கள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரான சின்னப்பா ஸ்பானரோடு ஏறிப்போனார். கண்ணாடி அலமாரியைத் தற்செயலாகத் திறந்தார். (தற்செயலாகத்தான். இரண்டு முறை தற்செயலாகத் திறந்தார்.) இருமல் மருந்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில், சிவப்பு ரிப்பனோடு, அவருடைய போன வருஷத்து ஒயின் நின்றுகொண்டிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியும் முக்கால் பாட்டில் மிச்சம்.

ஒயினைச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார்கள். ஃபிரிட்ஜில் வைப்பார்கள். காட்ரெஜ் பீரோவில் வைத்துப் பூட்டினால்கூட நியாயம் இருக்கிறது. குளியலறையில், மருந்தோடு மருந்தாக எதற்கு வைப்பார்கள்?

அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது மூன்றாவது முறை சாம்பார் ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து விசாரணையைத் தொடங்கினார். ஒயின் போன வீடுகளுக்கெல்லாம் நடந்தார். “போன வருஷம் நம்ம ஒயின் எப்படி இருந்துச்சு?” எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “சூப்பர்!”

பெங்களூரில் எதுதான் சூப்பர் இல்லை? கல்லாகிப்போன இட்லி சூப்பர், கல்யாண வீட்டில் தூங்கி வழியும் மாப்பிள்ளை சூப்பர், முழங்கால்வரை பள்ளம் விழுந்த ரோடும் ஆட்டோக்காரர் வாயில் சூப்பர். சின்னப்பாவின் கொழுந்தியாள் விஜி, ஃப்ரேசர் டவுனில் இருப்பவள், சர்ச்சின் பாடகர் குழுவான கொயரில் மூத்த குரல், இன்னும் ஒரு படி மேலே போனாள். “தேவாமிர்தம் மாமா!” இதே விஜி, போன மாதம் ஒரு துக்க வீட்டில் ஆறிப்போன காபியையும் தேவாமிர்தம் என்று சொன்னதை அவர் தம் ராஜாக் காதால் கேட்டிருக்கிறார்.

வாழ்நாள் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் குத்தித் தள்ளிய கை அது. தன் சொந்தச் சரக்குக்கு ஒரு நேர்மையான முத்திரை கிடைக்கவில்லையே என்று அது அரித்தது.

“சரளா, இந்தத் தடவை எனக்கு நெஜம் தெரிஞ்சாகணும்” என்றார் இரவுச் சாப்பாட்டில். “நல்லா இருக்குன்னா நான் இருக்கற வரைக்கும் போடறேன். நல்லா இல்லன்னா இந்த ஜாடியோட சரி. அடுத்த வருஷம் திராட்சை வாங்கற பேச்சே கெடையாது.”

சரளாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. “இப்ப எதுக்குங்க இந்த வம்பு? எல்லாரும்தான் சூப்பர்னு சொல்றாங்களே.”

“அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் நம்பல.”

உண்மையை வரவழைக்கும் வழியை லாவண்யாவிடம் போனில் கேட்டார். அவள் ஆபீஸ் காரில், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் இருந்தாள்.

“ஏம்மா, ஒரு பொருள் நல்லா இருக்கா இல்லையான்னு ஜனங்க வாயிலேர்ந்து நெஜம் வரணும். இன்னா பண்ணலாம்?”

“என்ன பொருளுங்க அங்கிள்?”

“பொதுவா கேக்கறேன். இப்ப, ஒயின்னே வச்சுக்கயேன்.”

“ஐ! பிளைண்ட் டேஸ்டிங் வைங்க அங்கிள்! நந்தி ஹில்ஸ் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு டூர் போனப்ப எங்களுக்கு வச்சாங்க. எல்லாத்தையும் நல்லா மூடிக் கட்டிரணும். எது எதுன்னு ஒருத்தருக்கும் கண்ணு தெரியக் கூ...” மேம்பாலம் மிச்சத்தை விழுங்கிவிட்டது.

சின்னப்பாவுக்கு அதுவே போதும். பிளைண்ட் என்றால் குருடு. குருடு என்றால் கண். கண் என்றால் கட்டு. எவ்வளவு எளிமையான ஏற்பாடு! சரளாவின் பழைய வெல்வெட் ஜாக்கெட் ஒன்று அன்றைக்கே உயிர்த்தியாகம் செய்தது. மெரூன் நிறத்தில், பின்னால் எலாஸ்டிக் வைத்து, நாலு கண்பட்டிகள் தயார். ஓரத்தில் ஜரிகைகூட இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் என்றால் நாலு பேர். யுவன், லாவண்யா, விஜி, பக்கத்துச் சந்திலிருந்து மஞ்சுநாத். மஞ்சுநாத்தும் அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், சின்னப்பாவிடம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். லாவண்யா அந்தத் தோட்டத்திலிருந்து வாங்கிவந்த நாலு பாட்டில்களைக் கொடுத்திருந்தாள். மேஜையில் சீஸ், முறுக்கு, காரம் தடவிய காங்கிரஸ் கடலை. நடுவில் அவள் கொண்டுவந்த பெரிய கிண்ணம்.

“இது எதுக்கும்மா?” என்றாள் சரளா.

“துப்பறதுக்குங்க ஆண்டி. வாயில வச்சுப் பாத்துட்டு இதுல துப்பிரணும். அதுதான் முறை.”

“ஹால்லயா! இத்தனை பேர் பாக்கறப்பவா?”

“யாரு பாக்கப் போறா சரளா?” என்றபடி சின்னப்பா கண்பட்டிகளைத் தட்டில் ஏந்தி வந்தார், ஆரத்தி எடுக்க வருபவர்போல.

லாவண்யா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அங்கிள், இது?”

“பிளைண்ட் டேஸ்டிங்.”

“ஐயோ அங்கிள்! பாட்டிலைப் பேப்பர் சுத்தி மூடணும்! மனுசங்க கண்ணைக் கட்டறதில்லைங்க!”

“இன்னா பேச்சு இது? பாட்டிலுக்குக் கண்ணு ஏது?”

இந்தக் கேள்விக்கு அந்தத் திராட்சைத் தோட்டத்து நிபுணர்களே வந்தாலும் பதில் சொல்லியிருக்க முடியாது. யுவன் அதற்குள் கட்டிக்கொண்டு, “செமயா இருக்குடி, ஃபிளைட்ல தூங்கற மாதிரி” என்றான். மஞ்சுநாத் தமது கண்ணாடியின் மேலேயே கட்டிக்கொண்டார். விஜி, “ஜரிகை வெளிப்பக்கம்தான வருது, அக்கா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டினாள்.

முதல் ஒயின் வெள்ளை நிறம். லாவண்யா கண்ணைக் கட்டிய நிலையிலேயே வகுப்பு எடுத்தாள். கிளாஸைச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும், பிறகு ஒரு வாய். மஞ்சுநாத்தால் அது முடியாத காரியம். “எச்சில் பண்ணி எனக்கு அப்பியாசமே இல்ல” என்று தலையை அண்ணாந்து, கிளாஸை ஒரு முழம் தூக்கி, ஊற்றினார். கண் தெரியாததால் குறி தப்பி முதல் பங்கு நெற்றிக்குப் போயிற்று. இரண்டாவது பங்கு காதுக்கு. மூன்றாவதுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

“எப்படி இருக்கு?” என்றார் சின்னப்பா.

“ஊசிப்போன எலுமிச்சம்பழ ஜூஸ்” என்றாள் விஜி, யோசிக்கவே இல்லை.

சின்னப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். விஜியா இது? துக்க வீட்டுக் காபிக்குத் தேவாமிர்தப் பட்டம் கொடுத்த விஜியா? பட்டிக்குக் கீழே அவள் வாய் மட்டும் தெரிந்தது. அந்த வாய் எந்த முகத்தையும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லாமல் சுதந்திரமாகச் சுளித்தது. எதிரே இருக்கிறவர் முகம் தெரிகிறவரைக்கும்தான் ‘சூப்பர்’ என்று அப்போது அவருக்குப் புரிந்தது. தப்பாகப் புரிந்துகொண்டு தான் செய்த ஏற்பாடு, சரியாகச் செய்திருந்தால் வந்திருக்காத பலனைத் தருகிறது! தம் புத்தியைத் தாமே மனதுக்குள் தட்டிக்கொடுத்தார்.

இரண்டாவது, சிவப்பு. லாவண்யா மூக்கை விட்டு வெகுநேரம் தியானம் செய்தாள். “அங்கிள், இதுல லெதர் வாசம் வருது.”

“அது என்னுது, நன்ன செருப்பு” என்றார் மஞ்சுநாத். “மேஜைக்குக் கீழ கழட்டி பிட்டிருக்கேன்.”

மூன்றாவது யுவனுக்குப் பிடித்தது, நாலாவது யாருக்கும் பிடிக்கவில்லை. அதிலேயே ஒரு வாய்ச்சண்டை வந்து, காங்கிரஸ் கடலையில் சமாதானமானது. கிண்ணத்தில் யாரும் துப்பவில்லை. லாவண்யாகூட ஆண்டி வீட்டு ஹாலில் துப்ப வாய் வரவில்லை என்று விழுங்கிவிட்டாள்.

சின்னப்பா அடுப்படிக்குப் போனார். நாலு பாட்டில்தான் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேடையின் மூலையில் துணிபோட்டு மறைத்திருந்த ஐந்தாவதை எடுத்தார். போன வருஷத்து அவருடைய ஒயின்.

சரளா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “அது வேணாங்க.”

“ஏன்?”

“வேணாம்னா விடுங்களேன். இத்தனை நாளு சந்தோஷமாத்தான இருந்தீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவிக்கே நம்பிக்கை இல்லை! நாலு கிளாஸிலும் ஊற்றினார். அடுத்த அக்டோபரில் திராட்சை உண்டா இல்லையா என்பது இந்தத் தட்டில் போகிறது. நாலு கைகளிலும் கிளாஸைக் கொடுத்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் எதிரே நின்றார். நாலு வாய்களையும் ஒரே சமயத்தில் பார்க்க இரண்டு கண் போதவில்லை.

மஞ்சுநாத் அண்ணாந்தார். ஊற்றினார். இந்த முறை குறி தப்பவில்லை. ஒரு நொடி அசையாமல் இருந்தார். பிறகு தொடையில் படாரென்று தட்டி, வீடே அதிர, “ஓம்காளு!” என்றார். “ஓம்காளு! ஓம்காளு!”

யுவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “என்னாச்சு? ஓம் காளியா? லாவண்யா, அங்கிளுக்குச் சாமி வந்துருச்சு!”

“எந்திரிக்காத யுவன்! ஆண்டி, வேப்பிலை இருக்குங்ளா வேப்பிலை?”

“நான் கும்பிடறது வேற சாமிங்கறதுனால சொல்லல” என்றாள் விஜி, “ஆனா ஒயின் குடிச்சா சாமி வரும்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. அடப் பசங்களா, ஓமம்! ஓமத்தைக் கன்னடத்துல ஓம்காளுன்னு சொல்லுவாங்க. குடிச்சுப் பாருங்க.”

இருவரும் பயந்தபடியே குடித்தார்கள். இரண்டு வாய்களும் ஒன்றாக விரிந்தன.

“அட, நம்ம அங்கிள் ஒயின்!” என்றான் யுவன்.

“கண்ணு என்ன, மூக்கைக் கட்டினாலும் தெரிஞ்சுரும்” என்றாள் லாவண்யா. “அங்கிள் இன்னும் கிச்சன்லயா இருக்காரு? சத்தமே இல்லியே.”

சின்னப்பா இரண்டடி தூரத்தில் நின்றார்.

“இருந்தா என்ன” என்றாள் விஜி. “பிரியாணி தின்ன அன்னிக்கு இதுல ஒரு மூடி விடணும். சொர்க்கம். எங்க கொயர்ல பாதிப் பேர் பர்ஸ்ல வச்சிருக்கோம்.”

“நான் பாத்ரூம் அலமாரிலயே வச்சிருக்கேன்” என்றான் யுவன். “ஆபீஸ் கேன்டீன்ல தின்னுட்டு வயிறு உப்பினா ரெண்டு ஸ்பூன்.”

“எங்கம்மா ஈரோட்டுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றாள் லாவண்யா. “ஒயின்னா தொடமாட்டாங்க, ஓமவாட்டர்னு சொல்லித்தான் அனுப்பினேன். அந்த ஓமவாட்டர் மாமா இந்த வருசம் எப்பங்க போடுவாருன்னு ஒரே நச்சு.”

“அதல்லவா!” மஞ்சுநாத் விரலை உயர்த்தித் தீர்ப்பு வழங்கினார். “ஒயின்னு பாத்தா ஃபெயில் குரு. ஔஷதின்னு பாத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ். ஓம்காளு போடற ஐடியா நம்ம சின்னப்பாவுக்குத்தான் வரும். அவன் அதை வெளிய சொல்றதே இல்ல, ரகசியம். நாமளும் கேக்கறதில்ல.”

“ஓமமா?” என்றார் சின்னப்பா.

நாலு பட்டிகளும் ஒரே நேரத்தில் நெற்றிக்கு ஏறின.

“நான் ஓமமே போடறதில்லியே!”

விஜி அக்காவைப் பார்த்தாள். மஞ்சுநாத் சின்னப்பாவைப் பார்த்துவிட்டுச் சரளாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்த திசையில் கடைசியாகச் சின்னப்பாவும் திரும்பினார். அடுப்படி வாசலில் சரளா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“அந்த முதல் வருஷக் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கா?” என்றாள். “கல்யாணமான வருஷம். பாட்டுப் பயிற்சிக்கு வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்தீங்க.”

“ஆமா. அன்னிக்குப் பூசைல கொயர்ல ஒவ்வொருத்தரா வயித்தப் புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுக் கதவு வழியா ஓடினாங்க. கடைசில ஆர்கன்காரர் மட்டும்தான் நின்னார். அவரும் பாட்டை ரயில் வேகத்துல முடிச்சுட்டு ஓடினார். ஆனா அது பேக்கரிக் கேக்குனாலதான?”

“கேக்குன்னு சொன்னது நானு.”

சின்னப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கோதுமையும் ஈஸ்ட்டுமா நீங்க அள்ளிப் போட்டது, வயித்துக்குள்ள போயும் பொங்கிக்கிட்டே இருந்துச்சு” என்றாள் சரளா. “நீங்க அப்ப அந்த ஜாடியைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்ன நிலைக்கு எப்படிச் சொல்றது? அடுத்த வருஷத்துலேர்ந்து, நீங்க வடிகட்டிக் குடுத்ததும் ஓமத்தைக் கொதிக்கவச்சு எறக்கி, ஒரு சொம்பு கலந்துருவேன். நீங்கதான் பொடி போட்ட மூக்கோட காரம், காரம்னு...”

“அந்தக் காரம்...”

“ஓமந்தாங்க.”

“எத்தனை வருஷமா?”

“பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து. அவனுக்கே இப்ப காதோரம் நரைச்சாச்சு.”

லாவண்யா முறுக்கை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெடிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சின்னப்பாவும் அப்படித்தான் நினைத்தார். கோபம் வரட்டும் என்று காத்துக்கூடப் பார்த்தார். பாரிஸிலும் ரோமிலும் இல்லாத அந்தக் காரம் மளிகைக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. கோபம் வர நியாயம் இருந்தது. ஆனால் கோபம் வருகிற வழியில் வேறொன்று குறுக்கே வந்து நின்றுவிட்டது.

“இரு, இரு” என்றார். “அப்போ அந்த முதல் வருஷம் கொயர் குடிச்சதத் தவிர, என் ஒயினை இந்த உலகத்துல யாருமே குடிச்சதில்ல! நான்கூட இல்ல, அன்னிக்கு எனக்கு ஒரு சொட்டும் மிஞ்சல!”

“நான் குடிச்சேன், அந்த முதல் வருஷம்” என்றாள் சரளா.

“எப்படி இருந்துச்சு?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “வயித்துவலிதாங்க ஞாபகம் இருக்கு. ருசி ஞாபகம் இல்ல.”

ஆறு பேரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

“அங்கிள்” என்றாள் லாவண்யா, குரலைத் தாழ்த்தி, “இந்த வருசத்து ஜாடி இன்னும் வடிகட்டலை இல்லீங்ளா?”

“இல்ல.”

“ஓமம்?”

“போடல” என்றாள் சரளா.

படிக்கு அடியில் இருந்த அறைக்கு ஊர்வலம் போனது. சின்னப்பா முன்னால், துணியும் கரண்டியும் சரளா கையில், கிளாஸ்களோடு மற்றவர்கள். வெள்ளைத் துணியை அவிழ்த்ததும் விஜி ஒரு அடி பின்வாங்கினாள். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை மாமா. எனக்குக் காலைப் பூசைல தனிப்பாட்டு இருக்கு.”

“வீட்டுல எத்தனை பாத்ரூம்?” என்றார் மஞ்சுநாத்.

“கீழ ஒண்ணு, மாடில ஒண்ணு.”

“மாடில இருக்கறது எங்களுது” என்றான் யுவன் அவசரமாக.

இருந்தாலும் ஒருவரும் நகரவில்லை. துணி வழியாக ஒயின் சொட்டியது. கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறம். பெங்களூர்த் திராட்சையின் தோல் நிறமெல்லாம் அதில் இறங்கியிருந்தது. ஹாலுக்குக் கொண்டுவந்து ஐந்து கிளாஸில் ஊற்றினார்கள். சரளாவுக்கு யாரும் ஊற்றவில்லை. அவளுக்கு வாசனையே ஆகாது என்று ஊருக்கே தெரியும்.

சின்னப்பா முதலில் குடித்தார். ஒன்றும் புரியவில்லை. பழக்கமான காரம் வரும் வரும் என்று அவர் நெஞ்சு அது வழக்கமாக வரும் இடத்தில் போய்க் காத்துக்கொண்டிருந்தது. அது வரவே இல்லை. வேறெதையும் கவனிக்க அதற்கு நேரமில்லை.

“நான் சொன்னா செல்லாது” என்றார். “நீங்க சொல்லுங்க.”

நாலு முகங்களும் அவரைப் பார்த்தன. நாலு வாய்களிலும் ‘சூ’ என்ற எழுத்து உருவாவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். உடனே எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். “இப்ப சொல்லுங்க. நான் இங்க இல்ல.”

பின்னால் கிளாஸ்கள் எழும் ஓசை. உறிஞ்சும் ஓசை. சுவரில் ஒரு பல்லி அவரைப் பார்த்தது. அவர் பல்லியைப் பார்த்தார். அத்தனை டெலிபோன்களும் அன்று அவர் காதில் இப்படித்தான் தீர்ப்புக்காகக் காத்திருந்திருக்கும் என்று தோன்றியது, பாவம்.

“புளிக்குது” என்றது விஜியின் குரல்.

“ஆமா, நல்லாவே புளிக்குது” என்றது யுவனின் குரல்.

“ஆனா...” விஜி நிறுத்தினாள்.

“ஆனா இன்னா?” சுவரிடம் கேட்டார் சின்னப்பா.

“இன்னொரு வாய் குடிச்சாத்தான் சொல்ல முடியும்.”

“எனக்கும்” என்றார் மஞ்சுநாத். “ஒந்தே ஒந்து சொட்டு.”

“திராட்சை வாசம் முன்னாடி வருது, அப்பறம் தோலோட துவர்ப்பு” என்றாள் லாவண்யா. “அப்பறம் என்னமோ ஒண்ணு வருதுங்க அங்கிள். பேரு தெரியல. எனக்கு அந்தத் தோட்டத்துல சொல்லிக்குடுத்த வார்த்தை எதுவுமே இதுக்குச் செட்டாகல.”

அந்த ‘என்னமோ ஒண்ணு’ என்ன என்று சண்டை தொடங்கியது. நாவல்பழம் என்றாள் விஜி. இல்லை, வெல்லம் கரிந்த மாதிரி என்றான் யுவன். மழை பெய்ததும் தொழிற்சாலை மைதானத்தில் வரும் வாசனை என்றார் மஞ்சுநாத். அது வாசனையே இல்லை, பக்கத்துச் சாக்கடை என்று சின்னப்பா சுவரைப் பார்த்தபடியே மறுத்தார். ‘சூப்பர்’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார். நாலு கிளாஸும் காலி. அவருடைய ஐந்தாவது கிளாஸைக் காணவில்லை. அது சரளாவின் கையில் இருந்தது. அதுவும் கால்வாசிதான் மிச்சம்.

“நீயா?”

“சும்மா பாத்தேன்” என்றாள் சரளா. “என்ன ருசின்னு ஞாபகம் வருதான்னு.”

“வந்துச்சா?”

அவள் பதில் சொல்வதற்குள் அறையில் ஒரு சத்தம் எழுந்தது. தூரத்து இடி உருண்டு உருண்டு மலைக்கு அந்தப்பக்கம் போவதுபோல ஒரு கடகடப்பு. எல்லார் பார்வையும் யுவனின் சட்டைப் பொத்தானில் வந்து நின்றது.

“பசிங்க” என்றான் யுவன். “சத்தியமா பசிதான். மத்தியானம் சாப்பிடல.”

யாரும் நம்பவில்லை. மஞ்சுநாத் தம் வயிற்றில் கைவைத்து, குழந்தை அசைகிறதா என்று பார்ப்பவர்போல உற்றுக் கேட்டார். விஜி சிலுவை போட்டுக்கொண்டாள். லாவண்யா மாடி வீட்டுச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள். இதோ சரளா எழுந்து அடுப்படிக்கு ஓடப்போகிறாள் என்று சின்னப்பா எதிர்பார்த்தார். ஒரு சொம்பு ஓமத்தில் கதை பழையபடி முடிந்துவிடும்.

சரளா எழவில்லை. கிளாஸில் இருந்ததை முடித்துவிட்டு அவர் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“மொதல்ல பாஸா ஃபெயிலா, அதைச் சொல்லு.”

“வயிறு நாளைக்குச் சொல்லும். நாக்கு இப்ப கேக்குது. ஊத்துங்க.” பிறகு, கிளாஸை அவர் பிடிக்கும் வரை காத்திருந்து, ஏதோ கடைக்குப் போகும்போது சொல்லி அனுப்புவதுபோல மெல்லச் சொன்னாள்: “அடுத்த வருஷம் கோதுமையை மட்டும் கொறச்சுக்கங்க.”

அடுத்த வருஷம்! சின்னப்பா ஊற்றினார். கிளாஸைப் பார்க்காமல் அவளையே பார்த்து ஊற்றியதால் பாதி மேஜைத் துணிக்குப் போய்விட்டது. மேஜைத் துணியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.